மலையும் நிலையமும்: ஹந்தானையடி நகராக்கம் பற்றிய ஓர் ஆய்வு

நகரொன்று தான் எழுந்த காரணத்தாலேயே பிற்காலத்தில் இடர்ப்படுதல் வரலாற்றிற் புதிதன்று. நீரும் வெளிநிலமும் மலையும் காடும் நாட்டிற்கு அரண் என்பது பண்டைத் தமிழ் நூலோர் கொள்கை. அவ்விலக்கணத்திற்கு ஈழத்திற் கண்டியினும் பொருத்தமான இலக்கியம் காண்டல் அரிது. மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மகாவலி கங்கை வளைந்தோட, அரண்மனைக்குப் பின்னே உடவத்தைக் காடு செறிந்து நிற்க, தெற்கே ஹந்தானைத் தொடர் மதிலென உயர்ந்து நிற்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் புகுந்தும் நிலைகொள்ள மாட்டாத நகர் அது. 1803ஆம் ஆண்டு அங்குப் புகுந்த ஆங்கிலேயப் படையும் அழிவுற்றது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தபோதும் அரணின் குறையினும் உட்பகையின் மிகுதியே பெருங்காரணமாயிற்று. இவ்வாறு, சென்றடைதற்கு அருமை கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், இன்று நாள்தோறும் பல்லாயிரவர் சென்றடைந்தே தீரவேண்டிய இடமாய் மாறிவிட்டது. கண்டியின் நகரச் சிக்கல்கள் யாவும் இம்முரண்பாட்டினின்றே கிளைக்கின்றன எனலாம்.

இச்சிக்கலுக்கு மருந்தாக இக்காலத்தார் பெரிதும் எடுத்துரைப்பது போக்குவரத்துமைய நகராக்கம் என்னும் கொள்கையாகும். வீடு, கடை, பாடசாலை, அலுவலகம் ஆகியவற்றைப் புகையிரத நிலையம் அல்லது பஸ் நிலையத்தினின்று நடந்து சென்றடையத்தக்க எல்லைக்குள் நெருக்கி அமைத்து, அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள நிலத்தைத் திறந்த வெளியாக விட்டுவைத்தலே அதன் சாரம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீற்றர் கல்தோர்ப் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்குப் பெயரும் வரைவிலக்கணமும் வழங்கினார். நிலையத்தினின்று சராசரி 2,000 அடி, அஃதாவது ஏறத்தாழ 600 மீற்றர், நடைதூரத்தை அவர் அளவாகக் கொண்டார். 1997இல் றொபேட் செர்வெறோவும் காரா கொக்கல்மனும் செறிவு, கலப்பு, அமைப்பு என்னும் மூன்று கூறுகளால் அதனை விளக்கினர். பெயர் புதிதெனினும் பொருள் பழையது. 1882இல் ஸ்பானியராகிய ஆத்தூரோ சோறியா இருப்புப்பாதை வழியே நீளும் நகரொன்றைக் கற்பனை செய்தார். 1947இல் கொப்பன்ஹேகன் நகரத்தார் வகுத்த திட்டம் ஒரு கையின் வடிவினது: உள்ளங்கை பழைய நகர், ஐந்து விரல்களும் ஐந்து புகையிரதப் பாதைகள், விரல்களுக்கிடையே விடப்பட்ட வெளிகள் வயலும் காடும். இக்கொள்கையின் உயிர் விரல்களில் மட்டுமன்று, விரலிடை வெளிகளிலும் உண்டு என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கண்டியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அக்குறிப்பே திறவுகோலாகும்.

கண்டிக்கு வழி திறந்தோர் ஆங்கிலேயர். பாறையைத் துளைத்து வருவோனுக்கே கண்டி வசமாகும் என்றோர் ஐதிகம் மலைநாட்டில் வழங்கியது. ஆளுநர் பாண்ஸ் காலத்துப் பெருந்தெரு கடுகண்ணாவையிற் பாறையைக் குடைந்தே சென்றது. அத்தெருவை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கு நிற்கின்றது. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1880இல் அது மாத்தளை வரை நீண்டது. காப்பியை மலையினின்று கொழும்புத் துறைக்கு இறக்குதலே இப்பாதையின் முதல் நோக்கம். பாதை முடிந்த இரண்டாண்டுகளுள் இலைநோய் தோன்றிக் காப்பியை அழிக்கத் தொடங்கிற்று. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஹந்தானையிலே 1925இல் எழுந்து, 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்கும் பழைய தொழிற்சாலை அக்கதையின் சான்று. புகையிரதம் மக்களுக்காக அன்றிச் சரக்கிற்காகவே வந்தது என்னும் இவ்வுண்மை பின்னர் நிகழ்ந்தவற்றை விளக்கும். நிலையங்கள் சரக்கு ஏற்றுதற்கு வசதியான இடங்களில் அமைந்தன. மக்கள் வீடுகள் தெருவோரங்களில் நீண்டன. தண்டவாளமும் குடியிருப்பும் ஒன்றையொன்று நோக்காது வளர்ந்தன.

இருப்புப்பாதையை நோக்கி நகர் வளர்தல் வேண்டும் என்னும் எண்ணம் இலங்கைக்கு அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டளவிற் கொழும்புப் பிரதேசத்திற்குத் திட்டம் வகுத்த சேர் பற்றிக் அபர்குரொம்பி, தலைநகரின் நெருக்கத்தைக் குறைத்தற்கு இறாகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய மூன்றையும் துணைநகரங்களாக வளர்க்குமாறு கூறினார். அம்மூன்றும் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர்கள் என்பது நோக்கத்தக்கது. அதே அறிஞரும் கிளிபோட் ஹொலிடேயும் பேராதனையிற் பல்கலைக்கழகத்திற்கு நிலவமைப்பு வகுத்தனர். சேர் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராயிருந்த காலத்தில், 1952ஆம் ஆண்டு, இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பினின்று அங்குக் குடிபெயர்ந்தது. ஹந்தானைச் சரிவிற்கும் மகாவலிக்கும் இடைப்பட்ட அந்நிலத்தில், மாணவர் உறையும் மண்டபங்களும் கற்கும் மண்டபங்களும் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் அமைந்தன. இராமநாதன் மண்டபத்திலும் அருணாசலம் மண்டபத்திலும் உறைந்த மாணவர் விரிவுரைக்குச் செல்ல வண்டி வேண்டியதில்லை. கண்டிக்குச் செல்ல விரும்பின், வளாகத்தையொட்டியே சரசவி உயன புகையிரத நிலையம் உண்டு. மேலே மலை காடாகவும் புல்வெளியாகவும் விடப்பட்டது. போக்குவரத்துமைய நகராக்கம் என்னும் பெயர் பிறப்பதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, அதன் இலக்கணங்களுட் பல ஹந்தானையடியில் இலக்கியமாய் நின்றன என்பது மிகையன்று.

ஆயினும் அவ்விலக்கியம் முழுமையானதன்று. மாணவர் யாவரும் வளாகத்தில் உறைவர் என்ற கணக்கின்மேல் அத்திட்டம் எழுந்தது. மாணவர் தொகை பெருகவே மண்டபங்கள் போதாவாயின. மேலதிகமானோர் சுற்றுப்புற ஊர்களில் வாடகை அறை தேடினர். அவர்களுக்கென அறைகள் எழுந்த இடங்களுள் ஹந்தானையின் கீழ்ச்சரிவும் ஒன்று. திட்டம் தன் எல்லைக்குள் ஒழுங்கைப் பேணியது. எல்லைக்கு வெளியே நிகழ்வதைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. நிலையத்தருகே போதிய வீடு அமையாதவிடத்து மக்கள் மலையேறுவர் என்பதே பேராதனை தரும் பாடம்.

இப்பாடம் கண்டி மாநகருக்கு இன்னும் வன்மையாகப் பொருந்தும். 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மாநகரசபை எல்லைக்குள் வாழ்ந்தோர் சுமார் 1,10,000. 2012இற் சுமார் 99,000. நகரில் வாழ்வோர் குறைய, நகருக்கு வந்துபோவோரின் நெருக்கமோ தணியவில்லை. தலதா மாளிகையும் வாவியும் அடங்கிய பழைய நகர் 1988இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. அங்கே கட்டடத்தை உயர்த்தலோ தெருவை அகலித்தலோ தகாது. நகரினுட் குடியிருக்க இடம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் ஆக, மக்கள் புறத்தே சென்று வீடமைத்தனர். ஆனால் பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், சந்தை யாவும் பள்ளத்தாக்கின் அகத்தே நிலைத்துவிட்டன. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னெக்கும்புரை ஆகிய மூன்று வாயில்கள் வழியே காலையில் வண்டிகள் புகுந்து மாலையில் மீள்கின்றன. மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் அவற்றின் புகை விரைவிற் கலைவதில்லை.

இந்நிலையில் அரசு கைக்கொண்ட பரிகாரம் ஆராயத்தக்கது. உலக வங்கியின் கடனுதவியோடு 2014இல் தொடங்கிய மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டம் கண்டியையும் காலியையும் முதலிற் கருத்திற் கொண்டது. கண்டிப் புகையிரத நிலையத்தருகே குட்ஷெட் பஸ் நிலையம் இருந்த இடத்திற் பல்வகைப் போக்குவரத்து நிலையம் ஒன்றை எழுப்புதல் அக்காலந்தொட்டு வளர்ந்த எண்ணங்களுட் பெரியது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் பிறவிடங்களிலும் சிதறிக் கிடக்கும் பஸ்களை ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்து, புகையிரதத்தோடு இணைத்தல் அதன் நோக்கம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி அதனைத் தாமதப்படுத்திற்று. பின்னர் அம்முயற்சி மீண்டும் கையேற்கப்பட்டது. பையுஞ் சிறாருமாக வெயிலிலும் மழையிலும் ஒரு நிலையத்தினின்று இன்னொரு நிலையத்திற்கு நடக்கும் பயணிக்கு இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

எனினும் நிலையம் கட்டுதல் வேறு, நிலையத்தை மையமாகக் கொண்டு நகரமைத்தல் வேறு. முன்னையது கட்டடத் தொழில். பின்னையது நிலத்தைப் பற்றிய நீதி. ஒரு மாபெரும் நிலையத்தைப் பள்ளத்தாக்கின் அடியில் எழுப்பி, புறநிலையங்களாகிய பேராதனை, கெலிஓயா, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகாமம் ஆகியவற்றைப் பழையபடியே விட்டுவிடின், நகருக்கு வருதல் எளிதாகும். வரவேண்டிய தேவை குறையாது. உள்ளங்கை மேலும் வீங்கும். விரல்கள் சூம்பியே கிடக்கும். சென்னையில் 1995 முதற் படிப்படியாகத் திறக்கப்பட்ட பறக்கும் இரயில் பாதை இதற்கோர் எச்சரிக்கை. அங்கே நிலையக் கட்டடங்கள் பெரியனவாய் எழுந்தன. மேல்மாடங்கள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. பஸ்ஸோடும் சுற்றுத் தெருவோடும் இணைப்புக் குன்றியமையால் எதிர்பார்த்த பயணிகள் வந்திலர். கூரையின் பெருமை நிலையத்தின் பயனுக்குச் சான்றாகாது.

இனி, இக்கொள்கை சமநிலத்தார் வகுத்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். நிலையத்தை நடுவாக வைத்து வரைபடத்தில் வட்டமிடுவோர், நடப்பவன் எத்திசையிலும் ஒரே வேகத்தில் நடப்பான் எனக் கொள்கின்றனர். மலைநாட்டில் அக்கணக்குப் பிழைக்கும். மணிக்கு 3 மைல் நடையோடு, ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் ஒரு மணி நேரம் கூட்டுக என்று 1892இல் ஸ்கொத்லாந்து மலையேறுநர் வில்லியம் நேஸ்மித் ஒரு விதி கூறினார். அவ்விதிப்படி சமநிலத்திற் பத்து நிமிடத்தில் 800 மீற்றர் செல்வோன், ஆறு மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில் அதே நேரத்தில் ஏறத்தாழ 350 மீற்றரே செல்வான். வட்டத்தின் மலைப்பாகம் தன் பரப்பில் ஐந்திலொன்றாய்ச் சுருங்கிவிடுகின்றது. கண்டி நகர் கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலும், ஹந்தானையின் உச்சி 1,100 மீற்றருக்கு மேலும் உள்ளன. ஆதலின் ஹந்தானைச் சரிவில் எழும் வீடு வரைபடத்தில் நிலையத்திற்கு அண்மையதாய்த் தோன்றினும், நடைமுறையிற் சேய்மையதேயாம். அங்கு வாழ்வோன் முச்சக்கர வண்டியையோ சொந்த வண்டியையோ நாடுவான். அவன் வண்டி மீண்டும் பள்ளத்தாக்கிற்கே வந்து சேரும். மலைமீது கட்டப்படும் வீடு ஒவ்வொன்றும் அடிவாரத் தெருவில் ஒரு வண்டியாய் இறங்குகின்றது எனல் பொருந்தும்.

உயரத்தைப் பொறியால் வெல்லலாமே என்பார் உளர். ஹொங்கொங் நகரில் 1993இல் அமைக்கப்பட்ட நகரும் படிவரிசை சுமார் 800 மீற்றர் நீண்டு 135 மீற்றர் உயரம் ஏறுகின்றது. கொலம்பியா நாட்டு மெடெயின் நகரில் 2004 முதல் தொங்கூர்திகள் மலைச்சேரி மக்களைப் புகையிரதத்தோடு இணைக்கின்றன. இவை பாராட்டத்தக்கனவே. ஆனால் அங்கெல்லாம் மலைமேல் மக்கள் முன்னரே செறிந்திருந்தனர். வாழ்வோருக்கு வழி பின்னர் வந்தது. ஹந்தானையிலோ வழி முன்னர் வரின் வீடுகள் அதனைத் தொடர்ந்து வரும். உதாரணத்தைக் கொள்வோர் அதன் முறைமையையும் கொள்ளல் வேண்டும்.

மலையைக் காத்தல் அழகுணர்ச்சியின் பாற்பட்டது மட்டுமன்று. ஹந்தானைத் தொடர் 2010ஆம் ஆண்டு தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அடிவாரத்து ஊர்களுக்கு நீரூட்டும் ஓடைகள் அங்கே பிறக்கின்றன. மரம் வெட்டி, சரிவைக் குடைந்து மேடை செய்து, நீர் செல்லும் வழியை மறித்துக் கட்டின், மழையில் ஊறிய மண் தன் பாரத்தைத் தாங்காது வழுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தது. கண்டி மாவட்டத்திற் பெருந்தொகையானோர் உயிரிழந்தனர். மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பலவிடங்களிற் சிதைந்தது. அவ்வழிவு இரண்டு உண்மைகளைப் புலப்படுத்திற்று. சரிவிற் குடியேறல் உயிரைப் பணயம் வைத்தலாகும் என்பது ஒன்று. இருப்புப்பாதையும் மலையின் நன்மையைச் சார்ந்தே நிற்கின்றது என்பது மற்றையது. மலையைக் கைவிட்டு நிலையத்தைக் காத்தல் இயலாது.

அடுத்து, வண்டியின் வரவொழுங்கு. அடிக்கடி வண்டி வாராத நிலையம் வெறும் கட்டடமே. இறம்புக்கணைக்கு அப்பால் மலையேறும் பகுதி ஒற்றைப் பாதை. மாத்தளைக் கிளையும் அத்தகையதே. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருத்தல் வேண்டும். ஆகவே விரல்கள் வலுப்பெற வேண்டுமாயின் மாடிக் கட்டடத்திற்கு முன் சந்திப்புப் பாதைகளும் சமிக்ஞைகளும் குறுந்தூர வண்டிகளும் வேண்டும். கிழக்கே குண்டசாலை, திகனை ஆகிய பகுதிகளுக்குத் தண்டவாளமே இல்லை; அங்கே பஸ்தான் விரலாதல் வேண்டும். பிரேசில் நாட்டுக் குரிதிபா நகர் 1974 முதல் தனிவழிப் பஸ்களைக் கொண்டே நகர் வளர்ச்சியை நெறிப்படுத்திற்று. 1958இல் பஸ்கள் நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்ததும், 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. பயணியைத் தேடி ஒன்றையொன்று முந்தும் பஸ்களை வைத்துக்கொண்டு நேரவட்டணைக்கேற்ப நகரமைத்தல் அரிது. உடைமை யாருடையதாயினும் ஒழுங்கு ஒன்றாயிருத்தலே முதன்மை.

இவை யாவற்றினும் மேலான வினா ஒன்றுண்டு: நிலையத்தருகே வாழப்போவோர் யாவர்? நிலையம் சிறப்புறின் அயல் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறின் வறியோர் அகல்வர். அகன்றோர் மலிவான நிலம் தேடுவர். கண்டியில் மலிவான நிலம் என்பது பெரும்பாலும் செங்குத்தான நிலமே. இவ்வாறு, மலையைக் காக்க எழுந்த கொள்கையே மக்களை மலைமேல் துரத்தவுங்கூடும். மகியாவையை எடுத்துக்கொள்க. மாத்தளைப் பாதையோரத்து அவ்வூரில் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வருகின்றனர். தமிழகத்தினின்று வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வேலைத்தலத்திற்கும் நிலையத்திற்கும் அண்மையில், சிறு வீடுகளில் நெருங்கி, வண்டியின்றி வாழும் அவர்கள் வாழ்க்கையைச் செறிவு, கலப்பு என்று கல்விமான்கள் புகழும் இலட்சணங்களுக்கு உதாரணமாகக் காட்டலாம். ஆனால் உறுதியான நிலவுரிமையின்றி வாழும் மக்களுக்கு அண்மை ஓர் அபாயமே. ஹந்தானைத் தோட்டத்து இலயன்களில் வாழ்வோர் நிலையும் அதுவே. மலையில் வாழ உரிமை பெற்றோரும் அவரல்லர். மலையினின்று இறங்க வசதி பெற்றோரும் அவரல்லர். பிள்ளை பாடசாலைக்கும் நோயாளி வைத்தியசாலைக்கும் போகக் கால்நடையையும் அரிதாய் வரும் பஸ்ஸையும் நம்பியிருப்போர் அவர். 2010இன் பிரகடனத்தைக் காட்டி அவரை அகற்றுதலும், மாளிகை கட்டுவோரைக் கண்டுங்காணாது விடுதலும் ஒருங்கே நிகழுமாயின், சுற்றாடல் என்னுஞ் சொல் அநீதிக்கு அணிகலனாகிவிடும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. பொதுப்பணத்தால் எழும் நிலையம் அயலாரின் நிலத்திற்கு ஈட்டிக் கொடுக்கும் விலையேற்றத்தில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கே மீட்டல் நியாயம். ஹொங்கொங்கின் புகையிரதக் கூட்டுத்தாபனம் நிலைய அயலில் நிலத்தை அபிவிருத்தி செய்தே பாதைக்குப் பெரும்பொருள் திரட்டிற்று. அதே வழியிற் கிடைக்கும் பொருளின் ஒரு பகுதியை, இப்போது நிலையத்தருகே வாழும் தொழிலாளருக்கு உரிமையுள்ள வீடமைக்கவும், சரிவில் ஆபத்தான இடத்தில் வாழ்வோருக்குப் பள்ளத்தாக்கில் மாற்றிடம் அளிக்கவும் செலவிடுமாறு சட்டம் செய்யலாம். 1876இற் கட்டப்பட்டு 2014இல் மூடப்பட்ட போகம்பறைச் சிறைச்சாலை நிலம் புகையிரத நிலையத்திற்குச் சமீபத்திலேயே உள்ளது. பொதுநிலம் இவ்வளவு அண்மையிற் கிடைத்தல் அரிது. அதனை உல்லாசப் பயணிக்கு மட்டும் உரியதாக்காது நகர மக்களின் வாழ்வோடு இணைத்தலே இக்கொள்கைக்குத் தக்க உரைகல்லாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, போக்குவரத்துமைய நகராக்கம் கண்டிக்கு வேண்டாததொன்றன்று, மிகவும் வேண்டியதே. ஆயின் அதனைப் பள்ளத்தாக்கின் அடியினின்று படிப்பதற்கும் ஹந்தானையின் முடியினின்று படிப்பதற்கும் வேறுபாடு பெரிது. அடியினின்று படிப்போர் எங்கே எவ்வளவு உயரமாய்க் கட்டலாம் என வினவுவர். முடியினின்று படிப்போர் எங்கே கட்டலாகாது என்றும், கட்டாதுவிட்டதனால் வீடற்றோர் யாவர் என்றும் வினவுவர். கம்பளைப் பாதைக்கும் கண்டிக்கும் இடையே நிற்கும் ஹந்தானை, இந்நகரின் இரு விரல்களுக்கிடையே இயற்கை விட்டுவைத்த வெளி. விரல்கள் நீளவேண்டும், அவற்றில் எளியோருக்கு இடமிருக்கவேண்டும், இடைவெளி இடைவெளியாகவே நிலைக்கவேண்டும் என்னும் இம்மூன்றும் ஒருங்கு நிறைவேறினாலன்றி எந்த நிலையமும் நகரைத் திருத்தாது. பகைவரைத் தடுத்த மலை, இன்று நகரை அதன் பேராசையினின்று தடுக்க நிற்கின்றது. அத்தடையைத் தடையெனக் கருதாது அரணெனக் கருதுவோரே கண்டியின் எதிர்காலத்தை வகுக்கத் தகுந்தவராவர்.